கொல்லிமலையில் சிங்கம் எங்கே?

கேள்வி: என் மருமகன் தென்னாப்பிரிக்காவில், லிம்போப்போ மாகாணத்தில் வேலை பார்க்கிறார். விடுமுறைக்கு வந்தவரைக் கொல்லிமலைக்கு அழைத்துப் போனோம். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஆகாய கங்கையில் குளித்து, அறப்பளீசுவரரைக் கும்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிட்டோம். "எங்கள் பக்கம் விடியற்காலை ஒரு சுற்றுப் போனால் யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் பார்த்துவிடலாம். இங்கே குரங்கைத் தவிர ஒன்றும் இல்லையே அத்தை" என்று கேலி செய்கிறார். கொல்லிமலை உயிர்வளம் மிக்க மலை என்றுதானே படிக்கிறோம்? பிறகு ஏன் எங்கள் கண்ணில் ஒன்றுமே படவில்லை? என் கணவரோடு வேலை பார்த்த ஒருவர் குண்டூர் நாட்டுக்காரர். இரண்டு நாள் வந்து தங்கிவிட்டுப் போங்கள் என்று கூப்பிடுகிறார். எப்போது போகலாம், எப்படிப் போவது, அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்? மருமகனிடம் காட்ட ஏதாவது இருக்கிறதா?
— வாசகி ஒருவர், ஈரோடு

பதில்: அம்மா, உங்கள் மருமகன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவர் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். ஆனால் பார்த்ததை வைத்து அவர் போட்ட கணக்கில்தான் கொஞ்சம் உதைக்கிறது. மாமியார் வீட்டு மானம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடலாம். விலங்கு கண்ணில் படவில்லை என்றதும் நம்மில் பாதிப் பேர், "எல்லாவற்றையும் வேட்டையாடித் தின்றுவிட்டார்கள், காட்டை அழித்துவிட்டார்கள்" என்று மலைவாசிகள் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். வேட்டையும் காடழிப்பும் நடக்கவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் நீங்கள் விலங்கைப் பார்க்காமல் திரும்பியதற்குக் காரணம் அதுவல்ல. காரணம் மலையின் அமைப்பிலேயே இருக்கிறது.

லிம்போப்போவின் கிழக்கு ஓரத்தில் க்ரூகர் தேசியப் பூங்கா இருக்கிறது. 1926-இல் அமைத்தது. வடபாதி லிம்போப்போவிலும் தென்பாதி இம்புமலாங்கா மாகாணத்திலும் கிடக்கிறது. பரப்பு ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர். கொல்லிமலையோ சுமார் 280 சதுர கிலோமீட்டர். அதாவது அந்த ஒரு பூங்காவுக்குள் எழுபது கொல்லிமலையை உட்கார வைக்கலாம். அங்கே பெரும்பகுதி சவானா, அதாவது மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் புல்வெளி. அரை கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் யானையும் கண்ணுக்குத் தெரியும். மே முதல் செப்டம்பர் வரை வறட்சி. புல் காய்ந்து படுத்துவிடும், தண்ணீர் ஒருசில குட்டைகளில்தான் இருக்கும், விலங்குகள் தாமாகவே அங்கு வந்து நிற்கும். வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அவற்றுக்குப் பழகிப்போய்விட்டது வேறு. இத்தனையும் சேர்ந்துதான் ஒரே காலையில் சிங்கம் வரை பார்க்க முடிகிறது.

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி அதிகம் இல்லாமல் நீண்டு கிடக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி அப்படியல்ல, துண்டு துண்டாக நிற்கிறது. சேர்வராயன் ஒரு துண்டு, கல்வராயன் ஒரு துண்டு, பச்சைமலை ஒரு துண்டு, கொல்லிமலை ஒரு துண்டு. நடுவில் எல்லாம் சமவெளி, வயல், ஊர், நெடுஞ்சாலை. இப்படி வேறு வகை நிலத்தால் சூழப்பட்டுத் தனித்துப்போன காட்டைச் சூழலியலாளர்கள் 'தீவு வாழிடம்' என்பார்கள். கடல்தான் இல்லையே தவிர, காட்டு விலங்குக்கு அது தீவுதான். யானைக் கூட்டமோ புலியோ நிலைத்து வாழ இந்தத் தீவு போதாது. அவற்றுக்கு நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் தொடர்ச்சியான காடு வேண்டும்.

இன்னொன்று. கொல்லிமலையின் உச்சி கூம்பாக இல்லை. கடல்மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமாக விரிந்த பீடபூமி. அங்கே தலைமுறை தலைமுறையாக மக்கள் குடியிருந்து உழுது வாழ்கிறார்கள். இன்று நாற்பதாயிரம் பேரளவில் இருப்பார்கள். ஆக, நீங்கள் காரவள்ளியில் ஏறத் தொடங்கிய சரிவுதான் காடு. சோளக்காட்டில் ஏறி முடித்ததும் வந்து சேர்ந்தது ஊர். காட்டைக் கொண்டை ஊசி வளைவுகளில், குமட்டலை அடக்கிக்கொண்டு கடந்துவிட்டீர்கள். பிறகு ஊருக்குள் நின்றுகொண்டு காட்டு விலங்கைத் தேடியிருக்கிறீர்கள். சரிவுக் காட்டில் கரடி உண்டு, காட்டுப்பன்றி உண்டு. ஆனால் அவை நடமாடும் நேரத்தில் நீங்கள் ஈரோட்டில் உறங்கிக்கொண்டிருந்திருப்பீர்கள். அதுவும் நல்லதுதான். கரடியை நடந்து போகிற வழியில் சந்திப்பது, க்ரூகரில் வண்டிக்குள் உட்கார்ந்து சிங்கத்தைப் பார்ப்பதுபோல் சொகுசான அனுபவம் அல்ல.

ஒன்றை மருமகனிடம் கேட்டுப் பாருங்கள். ஆப்பிரிக்கா போகிறவர்கள் எல்லாம் சொல்லும் 'பெரிய ஐந்து' என்ற பட்டியல் — சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை — யார் போட்டது என்று. துப்பாக்கியோடு நடந்துபோய் வேட்டையாடியவர்கள் போட்டது. கொல்லக் கடினமான, ஆபத்தான ஐந்தையும் அப்படிச் சொன்னார்கள். சுற்றுலா நிறுவனங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. ஒரு நிலத்தின் வளத்தை வேட்டைக்காரரின் அளவுகோலால் அளக்க நமக்கு என்ன அவசியம்?

அப்படியானால் கொல்லிமலையின் உயிர்வளம் எங்கே இருக்கிறது? முக்கால்வாசி நீங்கள் வண்டியில் கடந்துபோன கொல்லையில் இருக்கிறது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்திய அளவில் வேளாண் ஆராய்ச்சியாளர்கள் கொல்லிமலையைத் தேடி வருவது இங்கே விளையும் சிறுதானியங்களுக்காக. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே வேலை செய்துவருவதும் அதற்காகத்தான். சாமை என்று நாம் கடையில் ஒரே பெயரில் வாங்குவதை இங்கே பல பெயர்களில் பிரித்துச் சொல்வார்கள்: வெள்ளப்பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, திருகுலாச்சாமை. தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்கன்தினை, பாலந்தினை. கேழ்வரகிலும் அப்படியே பல. இவையெல்லாம் 'நாட்டு ரகங்கள்'. அதாவது, எந்த ஆராய்ச்சி நிலையத்திலும் உருவாக்காதவை. உழவர்கள் ஒவ்வோர் ஆண்டும் நல்ல கதிரைப் பொறுக்கி விதைக்கு வைத்து வைத்து, அந்தந்த மண்ணுக்கும் மழைக்கும் பழகிப்போனவை.

ஏன் இத்தனை ரகம், ஒரு நல்ல ரகம் போதாதா என்று கேட்கலாம். போதாது. மழை எப்போது வரும், எத்தனை நாள் பெய்யும் என்று மானாவாரி உழவருக்கு முன்கூட்டித் தெரியாது. சில சாமை குறுகிய நாளில் முற்றிவிடும். பருவத்தின் பின்பகுதியில் மழை ஏமாற்றினாலும் அது கைக்கு வந்துவிடும். பெருஞ்சாமை நெடுநாள் எடுக்கும். ஆனால் விளைந்தால் தானியமும் வைக்கோலும் கூடுதல். ஒன்று ஒல்லியான கல்லாங்கொல்லையிலும் தாக்குப்பிடிக்கும், ஒன்றுக்குக் கொஞ்சம் மண் வேண்டும். கூடவே துவரை, அவரை, கடுகு என்று கலந்து விதைப்பார்கள். ஒன்று போனால் ஒன்று நிற்கும். ஒரே கொல்லையில் இவ்வளவையும் பார்த்தால் நகரத்துக்காரர் கண்ணுக்குக் களை மண்டிய காடு போலத்தான் தெரியும். மருமகன் பார்த்திருப்பார், "ஏதோ புல்" என்று நினைத்திருப்பார். தாவரவியல்படி அதுவும் சரிதான், தானியங்கள் எல்லாமே புல்தான்.

அடையாளம் காண எளிய வழி சொல்கிறேன். கதிர் முற்றும் காலத்தில் போனால், கேழ்வரகை யாரும் காட்டவே வேண்டாம். மேலே பாதி மடக்கிய விரல்களோடு ஒரு கை நிற்கும். தினை ஒரே தடித்த கதிராக, உரோமம் அடர்ந்து, பாரம் தாங்காமல் வளைந்திருக்கும். சாமைதான் ஏமாற்றும். அதன் கதிர் மெல்லிய கிளைகளாகப் பிரிந்து தளர்ந்து தொங்கும், மணி மிகச் சிறியது. கையில் ஒரு கதிரை உருவிப் பார்த்தால் வழுவழுப்பான, இறுகிய தோல் மூடிய மணிகள் உள்ளங்கையில் உருளும். அந்தத் தோலைத் தனியே பிரிக்கும் வேலைதான் பெண்களின் முதுகை ஒடித்த வேலை. உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, ஒருவேளைச் சோற்றுக்கு அரைநாள் போய்விடும்.

சிறுதானியம் குறைந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம். நியாயவிலைக் கடையில் அரிசி மூட்டை வந்து இறங்கிய பிறகு உலக்கையை எடுக்க யாருக்கு மனம் வரும்? மற்றொரு காரணம் கீழே சேலம், நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள். ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு வேண்டும், மரவள்ளிக்குக் கையில் காசு வரும். மேட்டுக்கொல்லை பெரும்பாலும் மரவள்ளிக்குப் போனது. மிளகு, காபி, அன்னாசியும் இடம் பிடித்தன. பணம் வேண்டாம், பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள் என்று ஈரோட்டிலோ சென்னையிலோ உட்கார்ந்துகொண்டு உபதேசம் செய்ய எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தோல் நீக்கும் சிறு இயந்திரங்களை ஊரிலேயே வைத்து, விதை வங்கி தொடங்கி — அதாவது ஒருவர் விதை வாங்கிப்போய், அறுவடைக்குப் பிறகு கூடுதலாகத் திருப்பித் தரும் ஏற்பாடு — சந்தைக்கும் வழி செய்ததில்தான் பல ரகங்கள் பிழைத்தன. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது ஊரெல்லாம் விழா எடுத்தோம். அந்த வேலை இங்கே அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடந்துகொண்டிருந்தது.

வளத்தின் மீதிப் பங்கு சோலைகளிலும் கோவில் காடுகளிலும் இருக்கிறது. சோலை என்பது மலையின் மடிப்புகளில், ஓடை ஓரங்களில் குளிர்ச்சியில் வளரும் அடர்ந்த பசுமைக் காடு. கோவில் காடு என்பது சாமிக்கென்று விட்ட காட்டுத் துண்டு. சில இடத்தில் அரை ஏக்கர் இருக்கும், சில இடத்தில் பல ஏக்கர். கட்டடம் இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரு கல்லும் சில வேல்களும் போதும். அங்கே கிளை ஒடிக்கக் கூடாது, விறகு பொறுக்கக் கூடாது, சில காடுகளில் செருப்போடு நுழையக் கூடாது. சுற்றிலும் கொல்லையாகிவிட்ட பிறகும் அந்தத் துண்டில் மட்டும் பழைய காட்டின் மரமும் கொடியும் அப்படியே நிற்கும். வனத்துறைக்கு முன்பே வனக்காவல் சாமியிடம் இருந்தது.

இதில் மருமகனுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அவருடைய லிம்போப்போவிலேயே மோஜாஜி என்ற மழை அரசியின் வழிவந்தவர்கள் பல தலைமுறையாகக் காத்த ஒரு காடு உண்டு. பலோபெடு மக்களின் அரசி அவர். மழையைக் கட்டி ஆள்பவர் என்பது நம்பிக்கை. அவர் காவலில் இருந்த மலைச்சரிவில் சைக்கட் மரங்கள் அடர்ந்து வளர்ந்திருக்கின்றன. பார்க்கப் பனை மாதிரி இருந்தாலும் பனை இனம் அல்ல, பூ பூக்காமல் கூம்பு விடும் மிகப் பழைய தாவர வகை. வெண்டா மக்களுக்கு ஃபுண்டூட்சி என்ற புனித ஏரியும், தாத்தே என்ற புனிதக் காடும் அதே மாகாணத்தில் இருக்கின்றன. விடியற்காலை வண்டியேறிச் சிங்கம் பார்க்கப் போனவர் இதையெல்லாம் பார்த்திருக்கிறாரா என்று அன்பாக விசாரியுங்கள். பார்த்திருந்தால் கோவில் காட்டை அவருக்கு விளக்க வேண்டிய வேலை உங்களுக்கு மிச்சம்.

அப்புறம் முடவாட்டுக்கால். ஏறும்போது வழியோரக் கடைகளில் ஆவி பறக்க ஒரு சூப் விற்றிருப்பார்கள், குடித்திருப்பீர்கள். பக்கத்தில் பழுப்பு உரோமம் போர்த்திய ஆட்டுக்கால் போன்ற துண்டுகளைக் குவித்து வைத்திருப்பார்கள். எல்லாரும் அதைக் கிழங்கு என்கிறோம். மண்ணுக்குள் விளைவதில்லை, கிழங்கும் இல்லை. அது ஒரு பெரணியின் மட்டத்தண்டு, அதாவது படுக்கை வாட்டில் ஊர்ந்து வளரும் தண்டு. மரத்தின் மேலும் பாறை மேலும் ஒட்டி வளரும். மரத்திலிருந்து உணவை உறிஞ்சாது, இடம் மட்டும் கேட்டுக்கொள்ளும். இப்படிப்பட்டதைத் தொற்றுச்செடி என்பார்கள். மண்ணில்லாமல் எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் சுவாரசியம். அதற்கு இரண்டு வகை இலை. பச்சையாக நீண்டு நிற்பது ஒன்று. அது வெயிலில் உணவு தயாரிக்கும், அடிப்புறத்தில் வித்துத்தூள் வைக்கும். இன்னொன்று குட்டையாக, தண்டை ஒட்டி நின்று, சீக்கிரமே பழுப்பேறிக் காய்ந்துவிடும். காய்ந்தாலும் உதிராது. உதிராமல் நின்று, மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் மழைநீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தனக்கு வேண்டிய மண்ணைத் தானே சேர்த்துக்கொள்கிற செடி. வீட்டுக்காரரைக் கேட்டால் ஊருக்குள்ளேயே ஒரு பலாமரத்திலோ பாறையிலோ காட்டுவார். ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். பழுப்பு இலை எது, பச்சை இலை எது என்று பிரித்தறிந்துவிட்டால் போதும்.

மூட்டுவலி போகுமா என்று அடுத்து கேட்பீர்கள். மிளகும் சீரகமும் தட்டிப்போட்ட சூடான சூப் குளிருக்கு இதமாக இருக்கும், அதுவரை நான் உத்தரவாதம் தருகிறேன். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்க வேண்டாம். மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டு இறங்குவதும் வேண்டாம். மெதுவாக வளரும் செடி, தேவை கூடினால் மரத்தைச் சுரண்டித்தான் எடுப்பார்கள்.

இனி குண்டூர் நாடு. முதல் யோசனை: "குண்டூர் நாடு" என்று கைப்பேசி வரைபடத்தில் குறித்துக்கொண்டு கிளம்பாதீர்கள். அது ஒரு தெருவோ ஒரு நிறுத்தமோ அல்ல. கொல்லிமலை பதினான்கு நாடுகளாகப் பிரிந்தது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று ஒவ்வொன்றும் இன்று ஓர் ஊராட்சி. ஒரு நாட்டுக்குள் பல சிற்றூர்கள், மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிக் கிடக்கும். நீங்கள் போன ஆகாய கங்கை வளப்பூர் நாட்டில் இருக்கிறது. வட்டத் தலைநகரான செம்மேடு வாழவந்தி நாடு. உங்களைக் கூப்பிட்டவரின் சிற்றூர் பெயர், அருகில் எந்தப் பேருந்து நிறுத்தம், அங்கிருந்து எவ்வளவு நடை, மூன்றையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளத்துக்குள் இறங்கினால் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது, தாள் வேலை செய்யும்.

மலையாளி என்று அந்த மக்களைச் சொல்வதால் கேரளத்துக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பட்டியல் பழங்குடியினர், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் வழி நாங்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் வரலாறு. சேர்வராயன், பச்சைமலை, கல்வராயன் பக்கமும் இருக்கிறார்கள். ஊருக்கு ஊர்க்கவுண்டர், மேலே பட்டக்காரர் என்று பரம்பரைப் பொறுப்பாளர்கள் உண்டு. திருவிழா நாள் குறிப்பது, வழக்கு தீர்ப்பது எல்லாம் அவர்களைக் கலந்துதான். நீங்கள் போவது ஒரு வீட்டு விருந்தாளியாக. ஆகவே கோவில் காட்டையோ ஊர்ச் சாமியையோ பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்காரர் மூலம் முன்னதாகச் சொல்லி வையுங்கள். எங்கே செருப்பைக் கழற்றுவது, எங்கே பெண்கள் போவதில்லை, எங்கே படம் எடுக்கலாம் என்று அவரே சொல்வார். அவர் வேண்டாம் என்றால் ஏன் என்று குடைய வேண்டாம். கொல்லையில் வேலை செய்யும் பெண்களைச் சும்மா நிறுத்தி வைத்துப் படம் எடுப்பது, "ஒரு பாட்டுப் பாடுங்கள், ஆடிக் காட்டுங்கள்" என்பது, இரண்டும் மருமகனுக்கு வெளிநாட்டுச் சுற்றுலாவில் பழக்கமாகியிருக்கலாம். அங்கே அதற்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே நம் அக்கா வீட்டுக்குப் போய் அப்படிக் கேட்போமா என்று யோசித்தால் போதும்.

சாப்பாடு விஷயத்தில் மட்டும் வாய்விட்டுக் கேளுங்கள். நீங்கள் நகரத்துக்காரர் என்பதால் அவர்கள் பச்சரிசிச் சோறும் சாம்பாரும் வைத்துவிடுவார்கள், அதுதான் மரியாதை என்று நினைப்பார்கள். "எங்களுக்குச் சாமைச் சோறு வேண்டும், கேழ்வரகுக் களி வேண்டும்" என்று ஒருநாள் முன்பே சொன்னால்தான் கிடைக்கும். விருந்தோம்பலுக்குக் காசு கொடுத்தால் மனம் கோணுவார்கள். அவர்களிடம் விளைந்த சாமையையோ மிளகையோ அவர்கள் சொன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள், பேரம் பேசாமல்.

எந்த மாதம்? கோடையில் பலா, ஆனி ஆடியில் அன்னாசி என்று பழத்துக்காகப் போகிறவர்கள் உண்டு. சோளக்காட்டுச் சந்தை அப்போது மணக்கும். ஆடி 18-ஐ ஒட்டி ஆகஸ்ட் முதல் வாரத்தில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா அரசு எடுக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவரான ஓரி ஆண்ட மலை இது. விழாவுக்குப் போனால் கூட்டத்தைப் பார்க்கலாம், மலையைப் பார்க்க முடியாது. உங்களுக்கு நான் சொல்வது டிசம்பர் பிற்பகுதி. தென்னாப்பிரிக்காவில் பல நிறுவனங்கள் டிசம்பர் நடுவிலிருந்து புத்தாண்டு வரை மூடிவிடும், மருமகனுக்கும் அப்போதுதான் விடுப்பு எளிது. வடகிழக்குப் பருவமழை அடங்கும் நேரம். கேழ்வரகு அறுவடை நடக்கும், நெடுநாள் சாமை களத்துக்கு வந்திருக்கும், காபிப் பழம் சிவந்திருக்கும். அருவியிலும் தண்ணீர் இருக்கும். பயிர் பச்சையாக இருப்பதைப் பார்க்க ஆசை என்றால் ஆவணி, புரட்டாசி. எந்த மாதம் போனாலும் கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளி வையுங்கள். மலைப்பாதையில் மண் சரியும், அருவிக்கும் விடமாட்டார்கள். மார்கழிக் குளிரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஆளுக்கொரு கம்பளி அவசியம்.

போகும் வழி. ஈரோட்டிலிருந்து திருச்செங்கோடு வழியாக நாமக்கல், அங்கிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. அதற்குமேல் எழுபது வளைவு. ராசிபுரம் பக்கம் முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு மலைப்பாதையும் உண்டு. நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் அரசுப் பேருந்து ஏறுகிறது. மலைப்பாதையில் பழகாத கை என்றால் பேருந்துதான் என் பரிந்துரை. லிம்போப்போவின் நேர்நெடுஞ்சாலையில் ஓட்டிய அனுபவம் இங்கே உதவாது. சொந்த வண்டிதான் என்றால் கீழேயே எரிபொருள் நிரப்பிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒலிப்பான் அடியுங்கள். எதிரே ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும். அது பண்பு மட்டுமல்ல, சாலை விதியும்கூட.

குமட்டலுக்கு எல்லாரும் எலுமிச்சையை மோந்துகொண்டே ஏறுகிறார்கள். வயிற்றில் ஏதோ கோளாறு என்ற எண்ணம். கோளாறு வயிற்றில் இல்லை, காதுக்குள் இருக்கிறது. உட்செவியில் அரைவட்டக் குழல்கள் என்று மூன்று சிறு குழாய்கள் உண்டு. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அவற்றிலுள்ள நீர்மம் அசைந்து மூளைக்குச் சொல்லும். வளைவில் காது "திரும்புகிறோம்" என்கிறது. கைப்பேசியையோ முன் இருக்கையின் முதுகையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் "அசையவே இல்லை" என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. ஓட்டுநருக்கு ஏன் குமட்டுவதில்லை? அவர் வளைவைப் பார்த்துக்கொண்டே திருப்புகிறார், கண்ணும் காதும் ஒரே சாட்சி சொல்கின்றன. ஆகவே முன்வரிசையில் உட்காருங்கள், சாலையைப் பாருங்கள், கைப்பேசியைப் பைக்குள் போடுங்கள். வெறும் வயிறும் ஆகாது, முட்டச் சாப்பிட்டதும் ஆகாது. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன் இரண்டு இட்லி போதும். அப்போதும் ஆகாதவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், இருபதாவது வளைவில் போட்டுப் பயனில்லை.

நெகிழிப் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் தடை; மலையடிவாரச் சோதனைச் சாவடியில் கேட்பார்கள். வளைவுகளில் வண்டியை நிறுத்திக் குரங்குக்குப் பழம் போடாதீர்கள். போடுகிறவர்களால்தான் அவை காட்டை விட்டுச் சாலைக்கு வந்து, வண்டியில் அடிபடுகின்றன. வழக்கமான மருந்துகளைக் கையோடு கொண்டுபோங்கள். அவசரம் என்றால் செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ரொக்கமும் செம்மேட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சித்தர் குகை பார்க்கலாம் வா என்று யாராவது வழிகாட்ட முன்வந்தால், வனத்துறை அனுமதி உண்டா என்று கேளுங்கள். காப்புக்காட்டுக்குள் — அரசு தனியே ஒதுக்கிப் பாதுகாக்கும் காட்டுக்குள் — அனுமதியின்றி நுழைவது குற்றம். அபராதம் உங்களுக்குத்தான் வரும், சித்தருக்கு வராது.

ஆகாய கங்கைக்கு மறுபடி இறங்க ஆசைப்பட்டால், ஆயிரத்துக்கு மேற்பட்ட படி என்பது ஏறும்போதுதான் முழங்காலுக்குத் தெரியும். காலையிலேயே போய்விட்டு வாருங்கள். மற்ற காலைப்பொழுதை ஊரிலேயே விடுங்கள்: விடிந்ததும் வீட்டுக்காரரோடு கொல்லைக்கு ஒரு நடை, வெயில் ஏறியதும் கோவில் காடு, மத்தியானம் களத்தில் கதிரடிப்பு நடந்தால் அங்கே. மருமகன் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, கேட்கிற தானியப் பெயர்களை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். இரண்டு நாளில் ஐந்தைத் தாண்டிவிடும்.

திரும்பும்போது மலையை விட்டு மாலை நான்கு மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். மார்கழியில் அதற்குப் பிறகு பனிமூட்டம் வளைவுகளை மறைத்துவிடும். இறங்கும் வண்டியை இரண்டாம் கியரிலேயே வையுங்கள். வேகத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ளட்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறி, நாற்பதாவது வளைவு வாக்கில் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் உடனே ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது.